தாடைக்கு எந்த டாக்டர்?

என் சித்தி மகன் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது நாய் குறுக்கே பாய்ந்து கீழே விழுந்தான். தலையில் ஹெல்மெட் இருந்தது, ஆனால் முகத்தை மூடாத அரை ஹெல்மெட். முகவாய் நேராகத் தார்ச்சாலையில் இடித்தது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் முகவாய்க்கட்டையில் நாலு தையல், ஒரு டி.டி. ஊசி, வலி மாத்திரை. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து மூளைக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு எல்லோரும் நிம்மதியானோம். ஐந்து நாள் கஞ்சியிலும் ரசம் சாதத்திலும் போயிற்று. ஆறாம் நாள் இட்லியைக் கடிக்கப் பார்த்தவன், “அம்மா, முன்பல்லு ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது” என்றான்.

தெருமுனைப் பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். “இது நான் தொடக் கூடாத கேஸ். மேக்ஸில்லோஃபேஷியல் சர்ஜன்கிட்ட போங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சித்தப்பா வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான்: “அப்படின்னா யாருப்பா? அவர் எங்க இருப்பாரு?”

அந்த இரண்டு கேள்விக்கும் அன்று என்னிடம் முழுசாகப் பதில் இல்லை. பிறகு தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர் என்பது அவருடைய தமிழ்ப் பெயர். மருத்துவமனைகளில் வாய்வழக்கு வேறு: மேக்ஸில்லோ டாக்டர் என்பார்கள், ஃபேசியோமேக்ஸில்லரி என்பார்கள். எல்லாம் ஒருவரையே குறிக்கும். இந்தியாவில் இவர் பல் மருத்துவப் படிப்பிலிருந்து வருகிறவர். பி.டி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்து ஆண்டு, அதற்குமேல் எம்.டி.எஸ். மூன்று ஆண்டு. எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது பிரிவுகள் உண்டு. பல் சீரமைக்கும் கம்பிக்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, வேர் சிகிச்சைக்கு ஒன்று என்று போகும். அந்த ஒன்பதில் ஒன்றுதான் முகத்தாடை அறுவை. ஆகவே எம்.டி.எஸ். என்ற மூன்றெழுத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஈறு மருத்துவரும் எம்.டி.எஸ்.தான், கம்பி போடுகிறவரும் எம்.டி.எஸ்.தான். எந்தப் பிரிவில் எம்.டி.எஸ். என்பதைக் கேட்க வேண்டும்.

“எலும்பு உடைந்தால் எலும்பு டாக்டர் இருக்கிறார், முகத்துக்குப் பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கிறார், நடுவில் பல் டாக்டருக்கு என்ன வேலை?” சித்தப்பா இதையும் கேட்டார். நியாயமான சந்தேகம். கை எலும்பு ஒரு நூல் விலகிக் கூடினாலும் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். தாடை எலும்பு அப்படியில்லை, அதன்மேல் பற்கள் வரிசையாக நிற்கின்றன. எலும்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் கூடினாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாது. பிறகு வாழ்நாள் முழுக்கச் சரியாக மெல்ல முடியாது. அதனால் இந்த அறுவையில் எலும்பைக் கூட்டுவதற்கு முன் கடியைக் கூட்டுகிறார்கள். விபத்துக்கு முன் பற்கள் எப்படிப் பொருந்தியிருந்தனவோ அப்படிப் பொருத்திக் கம்பியால் கட்டிவிட்டால், உடைந்த எலும்பு பெரும்பாலும் தன் இடத்துக்கு வந்துவிடும். அதன்பின் டைட்டானியம் தகடும் திருகும். பல்வரிசையை அளவுகோலாக வைத்து முகத்தைச் சரிசெய்வது பல் படித்தவரின் கைப்பழக்கம்.

இந்தத் துறை வளர்ந்த கதையும் இதையே சொல்லும். முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டிய வீரர்களுக்கு முகம் சிதைந்தது. அமெரிக்காவில் குடியேறிய ஆர்மீனியரான வராஸ்டாட் கசாஞ்சியன் என்ற பல் மருத்துவர் பிரான்ஸில் முகாமிட்டு, சிதறிய தாடைகளைக் கம்பியும் பல்லச்சும் கொண்டு கூட்டிப் பெயர் வாங்கினார். இங்கிலாந்தில் சிட்கப் மருத்துவமனையில் ஹெரால்ட் கில்லிஸ் பல் மருத்துவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் முகங்களை மறுபடி உருவாக்கினார். பிரிட்டனில் இன்று இந்த நிபுணர் ஆவதற்கு மருத்துவப் பட்டம், பல் மருத்துவப் பட்டம் இரண்டும் வேண்டும். நம் ஊரில் பி.டி.எஸ்., எம்.டி.எஸ். போதும். அதனால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை, எம்.டி.எஸ். காலத்திலேயே பொது அறுவை, மயக்க மருந்து, விபத்துப் பிரிவு என்று சுற்றி வந்துதான் படிக்கிறார்கள்.

சித்தி மகன் கதைக்கு வருகிறேன். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், ஒரு குமிழ் நகர்வது தெரியும். கீழ்த்தாடை மண்டையோட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் மூட்டு அது. முகவாயில் நேரடியாக அடிபட்டால், அடி வாங்கிய இடம் பிழைத்துக்கொண்டு, இந்த இரண்டு குமிழின் கழுத்தும் முறியலாம். முகவாயும் சேர்ந்து முறிவதும் உண்டு. அணிவகுப்பில் நெடுநேரம் நின்று மயங்கி முகங்குப்புற விழும் சிப்பாய்களுக்கு அது வருவதால் ஆங்கில மருத்துவ நூல்களில் அதற்கு ‘காவல் வீரர் முறிவு’ என்றே பெயர். இரண்டு பக்கமும் முறிந்தால் பின்புறம் தாடை உயரம் குறைந்து, கடைவாய்ப்பற்கள் மட்டும் முட்டும், முன்னால் சந்து விழும். தம்பிக்கு இட்லி கடிபடாததன் ரகசியம் இதுதான். முகவாயில் தையல் போட்டவர் தையலை நன்றாகத்தான் போட்டிருந்தார், தாடையைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மூளைக்காக எடுத்த ஸ்கேனில் கீழ்த்தாடை முழுசாக வருவதில்லை.

பெரியவனுக்கே இப்படி என்றால், குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். ஊஞ்சலிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்து முகவாய் கிழிந்த பிள்ளைக்குத் தையல் போட்டு ஒரு சாக்லேட் கொடுத்து அழைத்துவந்துவிடுகிறோம். மூட்டில் அடிபட்டது தெரியாமல் போனால், வருடக்கணக்கில் அந்த மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போகலாம். வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும், தாடை வளராது, முகவாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் ‘குருவி மூஞ்சி’ என்று பட்டப்பெயர் வந்த பிறகு டாக்டரிடம் கொண்டுவருவார்கள். ஆகவே முகவாயில் அடிபட்ட எந்தப் பிள்ளைக்கும் காயம் ஆறிய பிறகு ஒருமுறை வாய் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். கணக்கு எளிது: பிள்ளையின் சொந்த விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிய வேண்டும்.

இந்த மூன்று விரல் கணக்கு இன்னொரு கூட்டத்துக்கும் உதவும். மாவா, குட்கா, பொட்டலப் பாக்கு போடுகிறவர்கள். முதலில் காரம் பட்டால் வாய் எரியும். அப்புறம் கன்னத்தின் உள்தோல் வெளுத்து, கயிறு போல இறுகும். மூன்று விரல் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். பாக்குதான் இதற்கு முதல் காரணம். புகையிலை கலக்காத வெறும் பாக்கே போதும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் பாக்கைச் சேர்த்தது. இறுகிய தோல் பழையபடி ஆகாது, பழக்கத்தை விட்டால் மேலும் இறுகாமல் தடுக்கலாம், மருந்தாலும் பயிற்சியாலும் கொஞ்சம் தளர்த்தலாம், முற்றியதை அறுத்து விடுவிக்கலாம். அந்த வாய் புற்றுக்கும் இடம் கொடுக்கும் வாய் என்பதால் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யாருக்காக இருந்தாலும், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணுக்கு மேல்பூச்சு மருந்து மாற்றிமாற்றிப் போடாமல் சதை எடுத்துச் சோதித்துவிடுங்கள். சதை எடுத்தால் பரவிவிடும் என்ற பேச்சை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தள்ளிப்போடும் நாட்களில்தான் அது பரவுகிறது.

இவரிடம் அதிகம் பேர் போவது என்னவோ கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குத்தான். ஞானப்பல் என்கிறோம், பதினேழு வயதுக்கு மேல் முளைக்கும், இடமில்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. படுத்திருக்கும் பல்லெல்லாம் பிடுங்க வேண்டிய பல் இல்லை. வீங்கி வீங்கி வடிகிறதா, பக்கத்துப் பல்லை அரிக்கிறதா, சொத்தையா, நீர்க்கட்டியா — காரணம் இருந்தால் எடுக்கலாம். சும்மா இருப்பதை எடுக்கத் தேவையில்லை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் கொடுத்தது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் முழுத்தாடையும் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்-ரே. கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஓடுகிறது. பல்லின் வேர் அதை ஒட்டியிருக்கிறதா என்று எக்ஸ்-ரேயில் தெரியும். ஒட்டியிருந்தால் முப்பரிமாணப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். சில சமயம் வேரை அப்படியே விட்டுத் தலைப்பகுதியை மட்டும் எடுப்பதும் உண்டு. “என் பல்லின் வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? உதடு மரத்துப்போக வாய்ப்பு உண்டா?” என்று கேளுங்கள். படத்தை விளக்கில் காட்டி விளக்குகிறவரிடம் தைரியமாக வாயைத் திறக்கலாம். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று படத்தை உறைக்குள் போடுகிறவரிடம் இன்னொரு முறை யோசிக்கலாம்.

மற்றபடி பிறவியில் பிளந்த உதடும் அண்ணமும், தாடைக்குள் வளரும் கட்டி, உமிழ்நீர்ச் சுரப்பியில் கல், மேல்தாடை துருத்தி அல்லது கீழ்த்தாடை நீண்டு முகம் கோணியிருப்பது என இவர் கை படும் இடங்கள் நிறைய. 2021இல் கொரோனாவுக்குப் பின் கறுப்புப் பூஞ்சை வந்தபோது மேல்தாடையை எடுத்து உயிரைக் காப்பாற்றியவர்களில் இவர்களும் இருந்தார்கள். ஆனால் எல்லாமே இவருக்கு மட்டும் சொந்தமில்லை. பிளந்த உதட்டைப் பிளாஸ்டிக் சர்ஜனும் செய்வார். மூக்கெலும்பு மட்டும் உடைந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரே போதும். குழப்பமாக இருந்தால் ஒரே கேள்வி: கடி மாறியிருக்கிறதா, வாய் திறப்பது குறைந்திருக்கிறதா? ஆம் என்றால் வழி இவரிடம்தான்.

இதற்கு நேர்மாறாக, பல்லே காரணமில்லாத பல்வலியும் உண்டு. முகம் கழுவும்போதோ, சவரம் செய்யும்போதோ, காற்று பட்டாலோ ஒரு பக்கக் கன்னத்தில் மின்சாரம் தாக்கியதுபோல் சில நொடி வலி. பிறகு ஒன்றுமே இல்லை. இது முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் வலி. இது தெரியாமல் ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டு, வலியை மட்டும் அப்படியே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பல்லில் சொத்தையோ வீக்கமோ காட்டாமல் “எதற்கும் எடுத்துப் பார்ப்போம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிபுணரைத் தேடிக்கொண்டு நிற்கவே கூடாத நேரம் ஒன்று இருக்கிறது. கீழ்க் கடைவாயில் சொத்தை. வீக்கம் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவி, கழுத்து பலகைபோல் இறுகி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் வடிகிறது, குரல் மாறுகிறது. 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்தார், அவர் பெயரே இதற்கு நின்றுவிட்டது. மூச்சுக்குழாய் அடைபட்டால் பிறகு நேரமில்லை. அப்போது கிளினிக் போர்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடிபட்டுப் பல் முழுசாகக் கழன்று விழுந்தாலும் இப்படித்தான், மணிக்கணக்கில்லை, நிமிடக் கணக்கு. நிலைத்த பல்லாக இருந்தால், வேரைத் தேய்க்காமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, காய்ச்சி ஆறிய பாலில் போட்டுக்கொண்டு அருகில் இருக்கும் எந்தப் பல் மருத்துவரிடமும் ஓடலாம். அரை மணிக்குள் போனால் அதையே திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு. பால்பல் என்றால் திரும்பப் பொருத்த மாட்டார்கள்.

சரி, அவர் எங்கே இருப்பார்?

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜி.எச்.சுக்குப் பக்கத்தில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு கிளையாகத் தொடங்கியது. இந்தத் துறைக்குத் தனிப் பிரிவே அங்கே உண்டு. சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில் 1980இல் தொடங்கி இப்போது அரசு வசமிருக்கும் கல்லூரி, 2023இல் திறந்த புதுக்கோட்டைக் கல்லூரி ஆகியவை மற்ற இரண்டு. மற்ற மாவட்டக்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போய், “முகத்தாடை அறுவை நிபுணர் இருக்கிறாரா?” என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். பல் பிரிவு என்றதும் பல் பிடுங்கும் இடம் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளிநோயாளர் பிரிவு உண்டு. செலவு கிளினிக்கைவிடக் குறைவு. எம்.டி.எஸ். மாணவர் கை வைப்பார், பேராசிரியர் பக்கத்தில் நிற்பார். இதில் பயப்பட ஒன்றுமில்லை. நாளுக்கு ஒன்றிரண்டு தாடையாவது பார்க்கிற இடம், மாதத்துக்கு ஒன்று பார்க்கிற இடத்தைவிட மேல் என்பது என் கட்சி.

தனியார் கிளினிக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போர்டில் ‘டென்டல் அண்ட் மேக்ஸில்லோஃபேஷியல் சென்டர்’ என்று இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் பொதுப் பல் மருத்துவராக இருப்பார். முகத்தாடை நிபுணர் செவ்வாய் மாலை மட்டும் வந்து போவார். இது ஏமாற்று வேலை இல்லை. நம் ஊரில் நிபுணர்கள் பல கிளினிக்குகளுக்கு இப்படித்தான் போய்வருகிறார்கள், சின்ன ஊர்க்காரருக்கு அது வசதியும்கூட. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நம் வேலை. எனக்கு அறுவை செய்யப்போவது யார்? அவர் எந்தப் பிரிவில் எம்.டி.எஸ்.? முன்கூட்டியே என்னை ஒருமுறை பார்ப்பாரா, அல்லது அன்றைக்குத்தான் முகத்தைப் பார்ப்பாரா? செவ்வாய்க்கிழமை செய்துவிட்டுப் போன பிறகு வியாழன் இரவு ரத்தம் வடிந்தால் நான் யாரைக் கூப்பிடுவது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

சீட்டில் பெயருக்குக் கீழே மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். பட்டத்துக்குப் பின்னால் வரும் எழுத்துக் கூட்டங்களில் சில, வார இறுதிப் பயிற்சிக்குக் கிடைத்தவை. புற்றுநோய் அறுவைக்கோ பிளந்த அண்ணத்துக்கோ போகிறீர்கள் என்றால் எம்.டி.எஸ்.சுக்கு மேல் அந்த ஒன்றிலேயே தனிப் பயிற்சி எடுத்தவரா என்று விசாரிப்பது நல்லது. முழு மயக்கத்தில் செய்யும் அறுவை என்றால், மயக்க மருந்து கொடுக்கத் தனியே ஒரு மயக்கவியல் மருத்துவர் இருந்தே ஆக வேண்டும்.

போகும்போது கையில் எடுத்துப்போக வேண்டியது பழைய எக்ஸ்-ரே மட்டுமல்ல, சாப்பிடும் மாத்திரை அட்டைகளும்தான். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் பல் எடுப்பதற்காக அதைத் தானாக நிறுத்தக் கூடாது. கொடுத்த மருத்துவரைக் கேட்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடும் அம்மாக்கள், வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஊசி ஏற்றிக்கொள்ளும் பாட்டிகள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளால் சிலருக்குப் பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். புற்றுநோய்க்காக அதே ஊசியைப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கழுத்திலோ வாயிலோ கதிர்வீச்சு எடுக்கப்போகிறவர்கள் கெட்ட பல்லை முன்னாலேயே எடுத்துவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பணத்தைப் பற்றி. சாலை விபத்து என்றால், தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, ஒரு உச்சவரம்பு வரை, கட்டணமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் அறுவை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று சேர்வதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். சொந்தமாக எடுத்த பாலிசிகளில் பெரும்பாலும் பல் சிகிச்சை கிடையாது, விபத்தால் வந்த காயத்துக்கு உண்டு. அதனால்தான் முதல் நாள் சீட்டிலேயே எல்லாக் காயமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். என் தம்பியின் விபத்துப் பதிவேட்டு நகலில் ‘முகவாயில் வெட்டுக்காயம்’ என்று ஒரே வரி இருந்தது. ஆறாம் நாள் தெரியவந்த தாடை முறிவு அதே விபத்தில் வந்ததுதான் என்று நிரூபிக்கச் சித்தப்பா அலைந்தது தனிக்கதை.

தம்பிக்குக் கடைசியில் கத்தி தேவைப்படவில்லை. ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பார்த்தார்கள். முகம் முழுவதற்கும் சி.டி. எடுத்து, முறிந்த துண்டுகள் அதிகம் விலகவில்லை என்று சொல்லி, பல்வரிசையைக் கம்பியால் கட்டி இரண்டு வாரம் வாயை மூடிவிட்டார்கள். பிறகு ரப்பர் வளையமும் வாய் திறக்கும் பயிற்சியும். இன்னும் தாமதித்திருந்தால் கோணலாகக் கூடியதை மறுபடி வெட்டிப் பொருத்த நேர்ந்திருக்கும் என்று பேராசிரியர் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும்போது கம்பி வெட்டும் சின்னக் கட்டிங் பிளேயர் ஒன்றைச் சித்தி கையில் கொடுத்து, வாந்தி வந்தால் எந்தெந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று கண்ணாடி முன் நிறுத்திக் காட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வாரமும் அது சித்தியின் முந்தானை முடிச்சிலேயே இருந்தது. இரவில் தூங்கும்போதுகூட அவிழ்த்து வைக்கவில்லை.